மழை வேண்டாத டிரையர்

இன்று காலை கொள்முதல் நிலையத்து வாசலில் நனைந்த நெல்லின் புழுக்க வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்படலாமா என்றால், தாராளமாகப் படலாம். பாதி வேலையில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனவள் நீ.

சம்பா அறுவடை முடிந்து, எங்கள் நெல்லும் உங்கள் வீட்டு நெல்லும் அங்கே சாலையோரம் குவிந்து கிடக்கின்றன. ஈரப்பதம் அதிகம் என்று எடுக்க மாட்டேன் என்கிறார்கள். விட்டு விட்டுப் பெய்யும் மழையில் அடி நெல் முளைவிடத் தொடங்கிவிட்டது. இதற்காகத்தானே ஒரு டிரையர் வாங்கி, டிராக்டரில் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வாடகைக்கு நெல் காயவைத்துத் தரலாம் என்று கிளம்பினோம்? யோசனை உன்னுடையது. வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையை எழுதவிடாமல் இழுத்தடித்ததும் நீதான்.

மன்னார்குடி ஆடிட்டர் என்ன அப்படித் தப்பாகக் கேட்டுவிட்டார்? "வருமானம் எப்ப வரும் மேடம்?" என்றார். "அறுவடையில மழை பெஞ்சா வரும் சார்" என்றேன். நீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாய்.

"அத எழுதாதீங்க சார். எங்க நெல்லும் வெளியிலதான் கெடக்கும். மழை வரணும்னு நாங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதா?"

வீட்டுக்கு வந்து 'பருவம் தவறிய மழை' என்று மாற்றினேன். அடித்தாய். 'வானிலை மாற்றம்' என்று நாசூக்காக எழுதினேன். "வேற சட்டை போட்டுட்டு வந்தாலும் அதே ஆளுதான்டி" என்று அதையும் அடித்தாய். உன்னோடு தொழில் செய்வதற்குப் பதில் மாடு மேய்க்கலாம் என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே காபி போட எழுந்து போனாய். அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்றாய். மாரடைப்பு அதுவரை பொறுக்கவில்லை.

பிறகு நான் தனியாகப் போய் ஆடிட்டர் சொன்னபடியே எழுதினேன். 'அறுவடைக் கால மழையே இத்தொழிலின் முக்கிய வாய்ப்பு.' அடிக்க ஆள் இல்லை. படித்துப் பார்த்தபோது பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டேன்.

இன்று காலை அவரே போன் செய்தார். "செம மழையாமே மேடம்! நெல்லு நனையறத நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க. ரிப்போர்ட்ல சேத்துட்டா பேங்க்ல உடனே நம்புவாங்க." எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் போனைத் தூக்கிப் பிடித்தேன். அதில் தெரிந்தது உன் வீட்டுக்காரர். தலையில் துண்டோடு, பறக்கிற படுதாவை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ எதுக்கும்மா? வந்து அந்த முனையப் புடி" என்றார்.

பிடித்தேன். முழங்கால்வரை சேறு. நாங்கள் கல் வைத்துக் கட்டி முடித்தபோது மழை விட்டிருந்தது. போட்டோ எங்கே என்று ஆடிட்டர் மறுபடி கூப்பிட்டார்.

"போட்டோ கெடயாது சார். அந்த வரியயும் எடுத்துருங்க. மழை பெஞ்சா டிரையர் ஓடும், அதுல தவணை கட்டுவேன். பெய்யாட்டி எங்க நெல்ல நனையாம நெலயத்துல போட்டுருவோம், அந்தக் காசுல கட்டுவேன். அப்படியே எழுதுங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாமே மேடம். இது இன்னும் பலமா இருக்கே" என்றார்.

கேட்டாயா? அத்தனை சண்டை போட்டோமே, நம் இரண்டு பேரில் ஒருத்திக்காவது இது தோன்றியதா? இப்போது தோன்றி என்ன, சொல்லிச் சிரிக்க நீ இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு லேசில் தீராது.

நாளை கையெழுத்துப் போடப் போகிறேன். உன் பிடிவாதம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது, உதறினாலும் போகாது போலிருக்கிறது. டிரையர் வந்து நின்ற பிறகும், அறுப்பு நேரத்தில் வானம் இருட்டினால் ஐயோ நெல் நனையுமே என்றுதான் முதலில் பதறுவேன். அதற்கப்புறம்தான் டிராக்டர் சாவியை எடுப்பேன்.