பதினோரு கிலோ மணல்

முகாம் குவார்ட்டர்ஸ்,
மூன்றாம் தேதி

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

உங்கள் கடிதம் நேற்று சாமான் லாரியில் வந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் திட்டு. பரவாயில்லை, போனில் பேசியிருந்தால் பாதியிலேயே யாராவது ஒருவர் போனை வைத்திருப்போம். இந்த மலையில் செல்போன் சிக்னல் எடுக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். ஆபீஸ் போனில் உங்கள் மகனைப் பிடித்துக் கேட்டேன். கப்பலில் இருந்துகொண்டு, "அம்மாவும் நீயும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்கிறார். நடுக்கடலில் இருப்பவருக்கு என்ன கவலை!

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது அவளை உங்களிடம் விட்டுவிட்டு டிரைவர் வேலைக்குத் திரும்பினேன். இப்போது இருபது மாதம். அப்போது இந்தக் காற்றாலை முகாமில் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. இப்போது பிள்ளைகளுக்கென்று ஓர் அறை திறந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், மருந்தறையில் எந்நேரமும் நர்ஸ். எனக்கும் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. என் பிள்ளையை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அதற்கு நீங்கள், "இருபத்தாறு வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்னவ நான். எத்தனை டிரைவரைப் பாத்திருப்பேன்! அந்தக் காட்டுப் பாதையில என் பேத்தியை ஏத்த மாட்டேன்" என்று எழுதிவிட்டீர்கள்.

அத்தை, போன முறை நான் வந்தபோது அவள் உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னை யாரோ போலப் பார்த்தாள். அதை நான் உங்கள் மகனிடம் கூடச் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருடம் போனால் நான் அவளுக்கு விடுமுறைக்கு வந்துபோகிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

பாதையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தார் ரோடு முடிந்து முகாம் வரை பதினெட்டு கிலோமீட்டர். கல், மண், நடுவில் ஓர் ஓடை, அதைத் தாண்டி ஒரு சரிவு. தார் முடிகிற இடத்தில் இறங்கி நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் குறைப்பேன். விறைப்பாக இருக்கிற டயர் கல்லில் எகிறும், கொஞ்சம் தளர்ந்த டயர் கல்லோடு படிந்து ஏறும். பிறகு நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல், லோ கியர், ஆள் வேகமாக நடக்கிற வேகம்தான். மூன்று மணி நேரம் ஆகும். ஓடையில் தண்ணீர் வந்தால் முதலில் கோலை எடுத்துக்கொண்டு நானே நடந்து பார்ப்பேன். முழங்காலைத் தொட்டால் வண்டியைத் திருப்பிவிடுவேன், பின் சீட்டில் பெரிய இன்ஜினீயர் உட்கார்ந்திருந்தாலும் சரி. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரிலேயே இறக்குவேன். ஆறு வருடத்தில் ஒருமுறை கூட வண்டியைக் கவிழ்த்ததில்லை. தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை சீட் ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன். உங்களுக்கு வெறும் பேச்சு பிடிக்காது என்று தெரியும். அதனால் ஒன்று செய்கிறேன். பாப்பாவின் எடைக்குச் சரியாகப் பதினோரு கிலோ மணலைத் துணிப் பையில் தைத்து, அந்தச் சீட்டில் உட்கார வைத்து, பத்து நடை போய்வருகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். நீங்கள் தைலம் தேய்க்க மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்


முகாம்,
பதினான்காம் தேதி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பாப்பா பந்தை "பந்து" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று தரம் படித்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று வாயை விட்டதற்கு என்னை நானே திட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இதைப் படித்தால் நீங்கள் பாப்பாவை அனுப்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் உங்களிடம் மறைத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மணல் பையைத் தைத்தது நான். அதற்குக் கண், மூக்கு வரைந்து தொப்பி போட்டது எங்கள் மெக்கானிக். அவனை இங்கே எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகாம் முழுக்க அதற்குக் குட்டி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சமையல்காரர் வேறு, "குட்டி மேடத்துக்குப் பால் ஆத்தட்டுமா?" என்று கிண்டல். ஸ்பேனரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான், நானும் சிரித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

சீட்டை வைத்த இடத்தில் தப்பு இல்லை. முன் சீட்டுக்கு எதிரே ஏர்பேக் இருக்கிறது, அது விரிந்தால் பின்பக்கம் பார்த்து வைக்கிற குழந்தை சீட்டின் முதுகிலேயே அறையும். அதனால் பின் வரிசையில், பிள்ளை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காருகிற மாதிரி வைத்தேன். அதுவரை சரி. அதற்கு மேல் என் புத்தி வேலை செய்தது. இவ்வளவு தூக்கிப் போடுகிற பாதையில் பிஞ்சு முதுகு என்ன ஆகும் என்று, பழைய மெத்தையிலிருந்து நாலு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சை வெட்டிச் சீட்டுக்கு அடியில் போட்டேன். தோள் வார்களையும் கொஞ்சம் தளர்த்தியே விட்டேன். டயருக்குத் தளர்வு நல்லது என்றால் பிள்ளைக்கும் அப்படித்தானே என்று ஒரு கணக்கு. ஆறு வருட டிரைவர் அல்லவா, சீட்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஓடை வரை ஒன்றும் ஆகவில்லை. சரிவில் வண்டி இடது பக்கம் சாய்ந்துதான் போகும், அது எனக்குப் பழக்கம். மெதுவாகத்தான் போனேன். ஒரு கல்லில் சக்கரம் ஏறி இறங்கியது. பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். சரிவைத் தாண்டிச் சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். ஸ்பாஞ்சு நசுங்கி, சீட்டைக் கட்டியிருந்த வண்டி பெல்ட் தொளதொளத்து, சீட் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பை தோள் வாரிலிருந்து பாதி வெளியே வந்து, தொப்பி போட்ட பக்கம் கதவில் இடித்துக்கொண்டு கிடந்தது.

எந்த நேரமும் வாய் ஓயாத ஸ்பேனர் தொப்பியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கல்லில் உட்கார்ந்து அழுதேன் அத்தை. வண்டி கவிழவில்லை, வேகமும் இல்லை. பிள்ளை நல்லா இருக்கணும் என்று நான் செய்ததுதான் அந்தப் பையைக் கதவில் கொண்டுபோய் மோதியது.

மருந்தறை நர்ஸுக்கு இரண்டு பிள்ளைகள். நேராக அவரிடம் போய், டயர் கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு வந்து பார்த்தவர், "இது டயர் இல்லம்மா, பிள்ளை. இறுக்கிப் பிடிச்சாத்தான் அதுக்குப் பாதுகாப்பு" என்று சொல்லி, ஸ்பாஞ்சை எடுத்து வெளியே எறிந்தார். சீட் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார், நல்ல வேளை, இல்லை. பிறகு புத்தகத்தைப் பிரித்துவைத்து ஒரு மணி நேரம் என்னைப் பழக்கினார். பெல்ட்டை அதற்கென்று குறித்திருக்கிற வழியில்தான் கோக்க வேண்டும். உள்ளங்கையால் சீட்டை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்துப் பூட்ட வேண்டும். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள் வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு கையில் வரக் கூடாது. கனமான குளிர்ச்சட்டையோடு கட்டக் கூடாது, கட்டிய பிறகு மேலே போர்த்த வேண்டும். நான் செய்ய, அவர் கலைக்க, மறுபடி நான் செய்ய என்று ஏழு தடவை. ஏழாவது தடவைதான் தலையை ஆட்டினார்.

மிச்சம் ஒன்பது நடை இருக்கிறது. நிறுத்து என்று சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

மன்னிப்பு கேட்கிற
உங்கள் மருமகள்


முகாம்,
இருபத்தொன்பதாம் தேதி

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பத்துப் பக்கத்துக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். நீங்கள் எழுதியது மூன்றே வரி. "நீ மறைக்கலை, அது போதும். மிச்சத்தையும் ஓட்டு. முதல் தடவை நானும் வரேன், பிள்ளையை என் மடியில வச்சுக்கறேன்." அதைப் படித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி என்று ஸ்பேனரிடம் சொன்னேன், அவனும் நம்பிய மாதிரி நடித்தான்.

மடியில் மட்டும் வேண்டாம் அத்தை. பிரேக் அடித்தால் கம்பியைப் பிடித்திருந்த ஆளே முன்னால் வந்து விழுவார் என்று நீங்கள்தானே கதை கதையாகச் சொல்வீர்கள்! நீங்கள் அவள் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்காருங்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

ஒன்பது நடையும் முடிந்தது. ஆறு நடை நல்ல வெயிலில், மூன்று நடை மழை ஈரத்தில். பாதி வழியில் நிறுத்தி ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைச் சோதித்தேன். ஐந்தாவது நடையில் லேசாக இளகியிருந்தது, மறுபடி இறுக்கினேன். வண்டிக்குள் ஜாக்கி, டூல்ஸ் பெட்டி, தண்ணீர் கேன் எதுவும் சும்மா கிடப்பதில்லை, எல்லாவற்றையும் பின்னால் கட்டிப்போட்டாகிவிட்டது. பை ஒருமுறை கூட நகரவில்லை. ஸ்பேனர் மறுபடி போட்டுவிட்ட தொப்பி கூட நேராகவே இருந்தது.

ஆனாலும் அந்தச் சரிவு என் மனதுக்கு ஒப்பவில்லை. சீட்டோடு வந்த புத்தகத்தை இப்போது வரிக்கு வரி படித்துவிட்டேன். அது ரோட்டுக்குச் செய்த சீட். பக்கவாட்டில் அவ்வளவு சாய்ந்து போகிற வண்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நர்ஸிடம் கேட்டேன், "எனக்கும் தெரியாதும்மா, தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்" என்றார். நான் வண்டியைக் கவிழ்க்க மாட்டேன்தான். ஆனால் அந்த ஒரு இடத்தில் என் கைத்திறமையை நம்பி அவளை உள்ளே வைக்க மாட்டேன்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். சரிவுக்கு முன்னால் வண்டியை நிறுத்துவேன். எல்லோரும் இறங்கிவிடுவோம். ஸ்பேனர் வெறும் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோவான், அவனுக்கு அந்தப் பாதை தலைகீழாகத் தெரியும். வண்டி தாண்டி நின்ற பிறகு நாம் நடப்போம். மேல் ஓரமாக ஒற்றையடிப் பாதை இருக்கிறது, இருநூற்று நாற்பது அடி வைத்தால் போதும், எண்ணிப் பார்த்தேன். உங்கள் முழங்காலுக்கு ஒரு கோல் வெட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கையில் கோல், அந்தக் கையில் பிள்ளை என்று நீங்கள் வர முடியாது. பாப்பாவை நான்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பயம். போன முறை நான் தூக்கியபோது அவள் உடம்பை விறைத்துக்கொண்டு, பின்னால் வளைந்து, உங்களை நோக்கி இரண்டு கையையும் நீட்டி வீல் என்று கத்தினாள். நானும் அடுத்த நிமிடமே உங்களிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் வண்டியைத் துடைக்கிற மாதிரி நின்றேன். அப்படி அவள் இந்த ஒற்றையடிப் பாதையில் திமிறினால் என்ன செய்வேன்? என் கைக்கு எந்தப் பெல்ட்டும் பூட்டும் கிடையாது.

அதனால் உடனே அழைத்துவரப் போவதில்லை. மூன்று வாரம் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் தேதி அங்கே வருகிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள் பக்கத்தில் இருக்க நான் செய்கிறேன். அவள் என்னிடம் ஒட்டிக்கொண்டால்தான் கிளம்புவோம். மூன்று வாரத்தில் ஒட்டாவிட்டால் தனியாகத் திரும்பிவந்து அடுத்த விடுமுறைக்கு மறுபடி வருவேன். பாதையைப் பற்றி உங்கள் கடிதங்களில் எத்தனையோ கேள்வி கேட்டீர்கள். பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதவில்லை. நானும் கேட்காமல் இருந்துவிட்டேன், அது என் தப்பு. இங்கே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை இருக்கிறது, ஒன்றில் உங்களுக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. எத்தனை நாள் இருப்பது என்பது உங்கள் இஷ்டம்.

இனி ஒரே ஒரு வேண்டுதல். நான் வந்து அவளைத் தூக்குவேன். அவள் அழுவாள், உங்களைப் பார்த்துக் கையை நீட்டுவாள். உங்களுக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். பெற்றது நானாக இருந்தாலும் ஒரு வருடமாக அவள் அழுதபோதெல்லாம் ஓடிவந்தது நீங்கள்தான். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன் அத்தை, உடனே வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரம் அழட்டும். என் கையிலேயே அழட்டும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
உங்கள் மருமகள்