நான்காவது பெயர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. இன்று காலை வாசகசாலைக்குள் போலீஸ் நுழைந்து நம் நூலகரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எழுபத்தாறு வயது மனிதரை, செருப்புப் போடக்கூட விடவில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நீ. பஸ் பணிமனையிலிருந்து கிரீஸ் கையோடு வாசகசாலை வாசலில் போய் நின்றபோது, "கையைக் கழுவிட்டு வாப்பா, புத்தகம் எங்கேயும் ஓடிடாது" என்றவர் அவர். அகராதியை வைத்துக்கொண்டு நீயாகவே தட்டுத்தடுமாறிப் படித்தாய். படித்து முடித்ததும், "இப்ப இதுக்கு எதிரா பத்து நிமிஷம் பேசு" என்று உன்னை வாதாட வைத்தார். இன்று நாடே கேட்கிற பேச்சு அங்கே பழகியதுதானே.

உனக்குத் தெரியாமல் எந்த அதிகாரியோ செய்திருக்கிறான். நாட்டையே ஆள்கிறவன் நீ, ஒரு போன் போட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். டி.வி.யில் இளைத்துத் தெரிகிறாய்.

உன் அன்புத் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். பதில் எழுத ஒரு வாரமாகிவிட்டது.

எந்த அதிகாரியும் செய்யவில்லை. கைதுப் பட்டியலில் ஒன்பது பெயர்கள். நான்காவது அவருடையது. பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம் கூடுவதைத் தடைசெய்யும் என் அவசரச் சட்டத்தை எதிர்த்து வாசகசாலையில் கூட்டம் போட்டுப் பேசினார். வந்தது நாற்பது பேர்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டவன் என்ன ஆவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால்தான் பயந்தேன்.

நிலைமை சீரானதும் விட்டுவிடுவோம். மருந்துக்கும் கம்பளிக்கும் சொல்லியிருக்கிறேன். என்மேல் கோபம் வேண்டாம்மா.

உன் அண்ணன்

மார்ச் 15

அண்ணனுக்கு,

மூன்று முறை படித்தேன். "பார்த்துத்தான்" என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை.

சிறையில் அவரைப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. "அந்தச் சட்டத்துல ரெண்டாவது பிரிவை நல்லாத்தான் எழுதியிருக்கான்மா" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது இதுவரை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து வாசகசாலையை நான்தான் திறக்கிறேன். நேற்று மூன்று பேர் வந்தார்கள், இன்று பதினேழு. உன் சட்டத்தைத்தான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நாலு மணியிலிருந்து எட்டுவரை அங்கேதான் இருப்பேன். நீ அனுப்புகிறவர்களிடம் சொல்லிவிடு, கதவை உடைக்க வேண்டியதில்லை. திறந்துதான் இருக்கும்.

தங்கை