நிமிஷம் காட்டாத டியூப்

தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, உன் அண்ணிக்கு ஊசி போட வருகிற நர்ஸம்மா எழுதுகிறார். நாங்கள் இருக்கிறோம். நீ சௌகரியமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து சொல்கிறேன். உள்ளே அண்ணி காதில் விழக்கூடாது. அவள் படுத்த படுக்கையாகி வெகுநாளாயிற்று. பார்வையும் மங்கிவிட்டது. என் முகம்கூடத் தெரிவதில்லை. அதில் ஒன்றும் நஷ்டமில்லை என்கிறாள். எதிர்ச் சுவரில் நாம் செய்து மாட்டிய கடிகாரத்தின் ஆரஞ்சு எண்கள் மட்டும் தெரியும். நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு, நர்ஸம்மா தாமதமாக வந்தால் கணக்குக் கேட்பாள்.

நர்ஸம்மாவுக்கும் புரியட்டும்: அதில் இலக்கத்துக்கு ஒரு கண்ணாடி டியூப், ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை கம்பியில் செய்த எண்கள். மணியின் முதல் டியூப் போயிற்று. நம் கடிகாரக் கடையைப் பிரித்தபோது என் பங்கென்று நீ கொடுத்த பெட்டியிலிருந்து ஒன்றைப் போட்டேன். ஜோராக எரிந்தது. "பாத்தீங்களா, என் சின்னவன் குடுத்தது" என்று அண்ணிக்கு ஒரே பூரிப்பு.

பிறகு நிமிஷத்தின் கடைசி டியூப் போயிற்று. அதே பெட்டியிலிருந்து இன்னொன்று. பூஜ்யம், ஒன்று, இரண்டு பளிச்சென்று வந்தன. மூன்றுக்கு மேல்பாதி மட்டும். ஏழுக்குத் தலையே இல்லை. எட்டு, எலி கடித்த கயிறு. வேறொன்றைப் போட்டேன், அதுவும் அப்படி. பெட்டி முழுவதும் அப்படி.

எனக்கு எழுத்துதான் தெரியாது. ஒரு டியூப் கடிகாரத்தில் எந்த இடத்தில் எரிந்தது என்று அதைப் பார்த்தால் தெரியும். எரிகிற எண்ணிலிருந்து தெறிக்கும் கரி, எரியாமல் நிற்கிற எண்களின்மேல் படியும். இருபத்துநாலு மணிக் கடிகாரத்தில் மணியின் முதல் எண் இரண்டைத் தாண்டாது. மீதி ஏழும் சும்மா நின்றே கெடும். பழுதுக்கு வந்த கடிகாரங்களில் அந்த இடத்திலிருந்து நான் கழற்றிய டியூப்கள் இவை. "குப்பையில போட்டுடறேன்ணே" என்று நீ வாங்கிப் போனவை. துடைத்து, புது அட்டைப் பெட்டியில் வைத்து, எனக்கே கொடுத்திருக்கிறாய்.

பங்கு பிரித்த அன்று, "வேணும்னா ஒண்ண எரிச்சுப் பாருண்ணே" என்று நீயாகத்தான் நீட்டினாய். எனக்குப் பொறுமை கிடையாது, இரண்டு வரைக்கும் பார்த்துவிட்டு "போதும்டா" என்று வைத்துவிடுவேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும். வெளியாள் ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நீ என் பழக்கத்தைப் பார்த்து, இரண்டு வரை எரிகிறவையாகப் பொறுக்கியிருக்கிறாய்.

"இதையும் எழுதணுமா தாத்தா" என்று நர்ஸம்மா கேட்கிறார். எழுதச் சொல்லிவிட்டேன்.

இப்போது கடிகாரம் மணி காட்டுகிறது, நிமிஷம் முழுசாகக் காட்டுவதில்லை. "சின்னவன் பெட்டி இருக்கே, எடுத்துப் போட என்ன கேடு" என்று அண்ணி தினமும் கேட்கிறாள். கை நடுங்குகிறது என்று சொல்லி வைத்தேன். "வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கங்க" என்று அடுத்த வீட்டுக்காரர் முன்னாலேயே சிரித்தாள். சரி, வயதாகிவிட்டது என்றே இருக்கட்டும். பெறாத பிள்ளையாக உன்னை இடுப்பில் சுமந்தவள். டாக்டர் சொல்வதைப் பார்த்தால் அதிக நாள் இல்லை. உன்னைப் பற்றி இதைத் தெரிந்துகொண்டு அவள் போகக் கூடாது.

நல்ல டியூப்கள் உன்னிடம் மிச்சமிருந்தால் ஒன்று அனுப்பு. விற்றிருந்தால் எங்கேயாவது தேடி வாங்கி அனுப்பு. கூடவே அண்ணி பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் வை. மூட்டை கட்டும்போது பெட்டி மாறிவிட்டது, இப்போதுதான் பார்த்தேன் என்று எழுது. நர்ஸம்மா அவளுக்கு உரக்கப் படிப்பார். நான் கட்டிலோரம் நின்று, நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நீ எதுவும் எழுத வேண்டாம்.

உனக்குக் கடிதம் போடப் போகிறேன் என்றதும் அண்ணி ஆசீர்வாதம் சொல்லியனுப்பினாள். நீ நூறு வயசு நல்லா இருக்கணுமாம், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதாம். அவள் சொன்னது அது. ஒரு வார்த்தையும் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணியின் வீட்டுக்காரன்