முப்பத்தோரு 'ம்'

மார்ச் 3, செவ்வாய்

என் அன்பு வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மகளும் நலம்தானே? இங்கே நானும் மாமாவும் நலம். மாமாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. அதனால்தான் எத்தனையோ வருஷம் கழித்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தால் சிரிக்காதே.

நான் சேர்ந்திருக்கும் கவுன்சலிங் முதுகலைப் படிப்பைப் பற்றி உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் என்னை ஆன்ட்டி என்கிறார்கள். முதல் பருவத்தில் ஒரே பாடம்தான்: வாயை மூடிக்கொண்டு கேட்பது. அறிவுரை சொல்லக் கூடாது. 'ஏன்' என்று கேட்கக் கூடாது. அழுகிறவர் பக்கத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருக்க வேண்டும், ஆனால் நாமே எடுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் 'அழாதே' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம்.

நான் முதல் பயிற்சியில் பத்து நிமிடத்தில் ஆறு அறிவுரை சொன்னேன். ஆசிரியை விரல் விட்டு எண்ணினார். பயிற்சிக்காக என்னோடு பேசுவதற்கென்று ஒதுக்கியிருந்த பெண்ணும் இரண்டாவது வாரம் வரவேயில்லை. நாற்பத்தைந்து நிமிட உரையாடல் ஒன்றைப் பதிவு செய்து, வரிக்கு வரி எழுதிக் கொடுத்தால்தான் இந்தத் தாளில் தேற முடியும். தேறாவிட்டால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை மதியம் நாம் பேசினோமே, அதைப் பதிவு செய்துவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் நீ இயல்பாகப் பேசியிருக்க மாட்டாய். உன் பெயரை எடுத்துவிட்டு 'க' என்று போட்டிருக்கிறேன், நான் 'ப'. ஆசிரியை முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒப்புதல் படிவம் இதோடு இருக்கிறது. மூன்று வரி, மூன்று கையெழுத்து. ஒன்று, நீ சம்மதித்துப் பேசினாய் என்பது. இரண்டு, பயிற்சியாளருக்கும் உனக்கும் எந்த உறவும் இல்லை என்பது. (சொந்தக்காரர்களிடம் பயிற்சி செய்யக் கூடாது என்று விதி. உன் வீட்டுக்காரர் இனிஷியலோடு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?) மூன்று, மதிப்பெண் வந்த மூன்று நாளில் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது. 20ஆம் தேதிக்குள் வேண்டும், கண்ணு. வரிக்கு வரி எழுதியதையும் இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

முத்தங்களுடன்,
உன் அக்கா

⁂

மார்ச் 8, ஞாயிறு

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. இதற்கு மேல் போனும் கிடையாது. எதைப் பதிவு செய்கிறாய், எதைச் செய்யவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுத்தில்தான் பேசுவேன். இதையும் உன் ஆசிரியையிடம் காட்டு.

நீ அனுப்பியதைக் கண்ணாடிக் கடையில், வேலைக்கு நடுவேதான் படித்தேன். பவர் பார்க்க வந்த ஒரு பெரியவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தார். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் பதில் சொன்னது காதில் விழாமல் நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது. நீ எழுதியதையே உனக்குத் திரும்ப எழுதுகிறேன், படி.

க: அன்னிக்கு அம்மாவ உள்ள வச்சு வெளியில பூட்டிட்டேன்.
ப: ம்.
க: பஸ் ஸ்டாப்புல போய் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த பஸ்லயும் ஏறல.
ப: எந்த பஸ்லயும் ஏறல. (திருப்பிச் சொல்லல்)
மௌனம், 14 நொடி. (மௌனத்தைத் தாங்கினேன்)

நீ தாங்கினாயா? எதைத் தாங்கினாய்? அந்தப் பதினாலு நொடியும் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பக்கத்து அறையில் மகள் இருந்தாள் என்பதற்காக. அப்போது உன் பக்கத்தில் ஏதோ கீறுகிற சத்தம் கேட்டது. அக்கா காய் தோல் சீவிக்கொண்டே கேட்கிறாள் என்று நினைத்தேன். அது பேனா என்று இப்போதுதான் புரிகிறது.

அம்மா எட்டு மாதம் என் வீட்டில் படுத்துக் கிடந்தாள். நீ மாதம் ஒரு தடவை பழப்பையோடு வந்து, மெத்தையை ஜன்னல் பக்கம் போடு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலும் முடிக்க விட்டதில்லை. எனக்கு நாற்பத்தொரு வயசாகிறது. இத்தனை வருஷமாக நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிப்பது நீதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ முடிக்கவில்லை. நான் பேசினேன், நீ 'ம்' என்றாய். மறுபடி பேசினேன், மறுபடி 'ம்' என்றாய். அம்மா போய் மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை உன்னிடம் கொட்டினேன். போனை வைத்த பிறகு எழுந்து போய் முகம் கழுவினேன். உடம்பே லேசாக இருந்தது. மகளிடம், 'பெரியம்மா மாறிட்டாங்கடி' என்று சொன்னேன். அவள்கூட நம்பவில்லை, நான்தான் சண்டை போட்டேன் அவளோடு.

அது உன் வீட்டுப்பாடம். முப்பத்தோரு 'ம்' இருக்கிறது அதில், எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருக்கிறாய்.

நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும், குக்கர் கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டாய். எனக்கு ஒரு விசில்கூடக் கேட்கவில்லை. இப்போது அதற்கும் அர்த்தம் தெரிகிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். நாம் ஒரே வயிற்றில் பிறக்கவில்லை என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? நீ படிக்கிற படிப்பில் அதற்கு ஏதாவது பெயர் இருந்தால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்.

தங்கை

⁂

மார்ச் 13, வெள்ளி

வாலு,

கடிதம் வந்தது. உன் கோபம் எனக்குப் புரிகிறது. நான் உன்னைப் பயன்படுத்திக்கொண்டதாக உனக்குத் தோன்றுகிறது.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன், எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும். நீயும் பார்.

மன்னிப்புக் கேட்கிறேன். சொல்லாமல் பதிவு செய்தது தப்பு. ஆனால் நீ எழுதியிருக்கிற தோரணையைப் பார்த்தால், அம்மாவை வைத்துப் பூட்டியது நான் என்றும், நீ பாவம் என்றும் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பூட்டியது நீ. நான் எழுதினேன், அவ்வளவுதான். மாதம் ஒரு தடவைதான் வந்தேன் என்று குத்திக்காட்டுகிறாய். அம்மாவை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று எத்தனை தடவை கேட்டேன்? 'என்னால்தான் பார்த்துக்கொள்ள முடியும், உனக்குப் பொறுமை கிடையாது' என்று யார் சொன்னது?

ஒன்று சொல்கிறேன், கேள். அன்றைக்கு நான் அக்காவாகக் கேட்டிருந்தால் உனக்கு 'ம்' கிடைத்திருக்காது. 'அடிப்பாவி, அம்மா கதவைத் தட்டியிருப்பாளே, தண்ணி கேட்டிருப்பாளே' என்றுதான் எனக்கு வாய்வரைக்கும் வந்தது. கையில் பேனா இருந்ததால் கத்தாமல் இருந்தேன். நீ உடம்பு லேசாகித் தூங்கினாய். நான் அன்றைக்குத் தூங்கவில்லை. இன்றைக்கு வரை அம்மா தட்டுகிற சத்தம் என் காதில் இருக்கிறது. அதைப் பதிவு செய்ய எந்தக் கருவியும் கிடையாது.

எனவே அந்த 'ம்' பொய் என்று நீ சொல்வது சரிதான். ஆனால் உனக்குக் கிடைத்ததில் அதுதான் நல்லது. என்னிடமிருந்து உண்மை வந்திருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய்.

20ஆம் தேதி கடைசி நாள். அலுவலகத்தை உதறிவிட்டு வந்திருக்கிறேன், திரும்பிப் போகிற இடத்தில் என் நாற்காலிகூட இல்லை. உனக்கு ஒரு வரிப் பொய், எனக்கு மிச்சமிருக்கிற வாழ்க்கை. யோசித்துப் பார்.

அக்கா

⁂

மார்ச் 17, செவ்வாய்

பயிற்சியாளர் அவர்களுக்கு,

ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் வரி பொய். இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது வரியை உங்கள் கடிதம் வருகிறவரை பொய் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது படித்தால் உறுத்தவில்லை. பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே போட்டிருக்கிறேன், நகல் எடுத்தாலும் தெளிவாகத் தெரியும்.

அம்மா தட்டவில்லை. தண்ணீரும் கேட்கவில்லை. நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது விழித்துக்கொண்டுதான் இருந்தாள். பூட்டிய சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்துட்ட? நாளைக்கும் போயிட்டு வா' என்று சொன்னாள். பிறகு தினமும் சாயங்காலம் அவளே தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். கடைசி ஐந்து மாதமும் அப்படித்தான் ஓடியது. எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

அன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். முதலில் பூட்டியதைச் சொன்னால்தானே இதைச் சொல்ல முடியும். அதற்குள் நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

மூன்றாவது வரிப்படி பதிவை அழித்துவிடவும். அழித்ததாக எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
க

⁂

ஏப்ரல் 10, வெள்ளி

வாலு,

பிரிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தேறிவிட்டேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். படிவத்தை வாங்கிய ஊழியர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் பார்த்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றபோது என் வாயில் உன் பெயர் வந்தது. சொல்லவில்லை. முத்திரை குத்திவிட்டார்.

ஆசிரியை எல்லோர் முன்னாலும் என் தாளை எடுத்துப் பேசினார். முன்பின் தெரியாத ஒரு பெண் முதல் பருவத்து மாணவியிடம் இவ்வளவு மனம் திறந்தது அபூர்வம், அந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தீர்கள் என்று கேட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை. அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உன் கடிதத்தை மாமாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் இரண்டு நாள் கூடத்திலேயே படுத்துக்கொண்டார். அம்மா எனக்கு ஒரு சாவியும் கொடுத்ததில்லை, வாலு. நான் இருந்த நேரமெல்லாம் அவளுக்கு மெத்தை எந்தப் பக்கம் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு நான் செய்த பாவத்துக்குப் பெயர் எதுவும் எங்கள் பாடத்தில் இல்லை. துரோகம் என்றுதான் எனக்குத் தெரிகிறது.

மதிப்பெண் வந்து இன்றைக்கு மூன்றாவது நாள். பதிவை அழிக்க வேண்டும். நீ போனை எடுப்பதில்லை, உன் குரல் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அழிப்பதற்கு முன்னால் முதலிலிருந்து கேட்டேன். பேனா கீறுவது நன்றாகவே கேட்கிறது. நான் எழுதிக் கொடுத்தது நாற்பத்தைந்து நிமிடம்தான், பதிவில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் வைக்கப் போகிறேன் என்று சொன்ன பிறகு நீ பேசியிருக்கிறாய்.

'அக்கா, வச்சுடாத. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா 'ம்'னு மட்டும் சொல்லிட்டு இரு.'

அதற்கு நான், 'குக்கர் கூப்பிடுதுடி' என்கிறேன்.

அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

அழித்துவிட்டேன்.

அக்கா