மருந்து குடித்தது கார்தான்

அனுப்புநர்
ஜே. ஸ்டெல்லா,
பெண்களுக்கான கார் ஓட்டுநர் பயிற்சி நடத்துபவர்,
கொண்டாப்பூர், ஹைதராபாத்.

பெறுநர்
போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அவர்கள்,
ஹைதராபாத்.

பொருள்: எஞ்சினில் படிந்த கரியை நீக்கும் திரவம் ஊற்றிய நிலையில் பிடிக்கப்பட்ட எனது பயிற்சிக் காரை வியாழக்கிழமைக்கு முன் விடுவிக்கவும், அதுவரை யாரும் அதை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்துக்கொள்ளவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனுவைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். நேற்று நிலையத்தில் தாங்கள் தொலைபேசியில் திருநெல்வேலித் தமிழ் பேசியது என் காதில் விழுந்தது. நான் நாகர்கோவில்காரி. மேலும், தெலுங்கில் பேசப் போய்த்தான் எனக்கு இந்த நிலை வந்தது. இன்னொரு முறை அந்தத் துணிச்சல் இல்லை.

நேற்று ஞாயிறு காலை காரைப் பிடித்த காவலர் தந்த சீட்டில் மூன்று குற்றங்கள் உள்ளன. மது அருந்தி ஓட்டியது. அளவு மீறிய புகை. பின் சீட்டில் இருந்த பெண், காவலரைப் பார்த்துக் கைதட்டிக் கேலி செய்தது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் அந்தப் பெண் யார் என்று தாங்கள் அறிய வேண்டும்.

1. அவர் பெயர் அன்னக்கிளி. தேனிப் பக்கத்துக்காரர். ஐ.டி. வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இங்கே சமையல் செய்கிறார். போலியோவினால் இடது கால் குட்டை. லைசென்ஸ் எடுத்து வந்தால் விடுதிக் காரை ஓட்டும் வேலையைத் தருவதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க அடுப்பின் முன் நின்று செய்யும் வேலையிலிருந்து உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறுவது, கால் இரண்டும் நன்றாக இருக்கும் நமக்குப் பெரிதாகத் தெரியாது, ஐயா. சாயங்காலம் அவருடைய கணுக்கால் வீங்கியிருப்பதைப் பார்த்தால் தெரியும்.

அவருக்காக என் காரின் கிளட்ச் மிதியில் இரும்புக் கட்டை ஒன்றைப் பொருத்தி, அதற்கு முறைப்படி ஒப்புதலும் வாங்கியிருக்கிறேன். வேறு எந்தக் காரிலும் அவரால் தேர்வுக்குப் போக முடியாது.

2. போன மாதத் தேர்வில் அன்னக்கிளி ஒரு தவறும் இல்லாமல் ஓட்டினார். ரிவர்ஸ் எடுத்துக் கோட்டுக்குள் அழகாக நிறுத்தினார். பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சினை அணைக்கச் சொன்னதும் சாவியைத் திருப்பி வெளியே எடுத்தும் விட்டார். கார்தான் நிற்கவில்லை. சாவி அவர் கையில் இருக்க, எஞ்சின் பாட்டுக்குக் கடகடவென்று உதறிக்கொண்டே ஓடியது. வண்டியை அணைக்கக்கூடத் தெரியவில்லை என்று ஃபெயில் போட்டுவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அன்னக்கிளி சாவியை என்னிடம் கொடுத்து, "நான் சரியாத்தானக்கா நிப்பாட்டுனேன்?" என்று மட்டும் கேட்டார்.

3. மெக்கானிக் முகமது யூசுப் காரணம் சொன்னார். பழகுகிறவர்கள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஊர்ந்து போவதால் எஞ்சினுக்குள் கரி படிந்துவிடுகிறது. சாவியை எடுத்த பிறகும் அந்தக் கரி கனன்றுகொண்டிருந்து பெட்ரோலைப் பற்றவைக்கிறது. இதற்கென்று ஒரு ரசாயனத் திரவம் விற்கிறார்கள். அதைக் கார்புரேட்டர் வழியாக ஊற்றி, ஊறவிட்டு, பிறகு வண்டியைக் கொஞ்சம் விரட்டி ஓட்ட வேண்டும். கரி இளகிப் புகையாக வெளியேறும். புகை அடங்கியதும் எஞ்சின் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

அதைத்தான் நேற்றுச் செய்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் யூசுப், பின்னால் அன்னக்கிளி. புகையை நான் மறுக்கவில்லை. சாலை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. கொசு மருந்து அடிக்கும் வண்டி வருகிறது என்று நினைத்து ஒரு வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள். அதற்கு உரிய அபராதத்தை வாதாடாமல் கட்டுகிறேன்.

4. மது விஷயத்துக்கு வருகிறேன். காவலர் மறித்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மெக்கானிக்குகள் அந்தத் திரவத்தை மருந்து என்றுதான் சொல்வார்கள். மருந்துக்குத் தெலுங்கில் 'மந்து' என்று தெரிந்த நான், பதற்றத்தில், "மந்து வேசாம் சார், கொஞ்செம் எக்குவ" என்றேன். மருந்து போட்டோம், கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். இந்த ஊரில் சாராயத்துக்கும் அதே சொல்தான் என்பதும், தண்ணி போட்டிருக்கிறோம், கொஞ்சம் ஓவர் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. காவலர் திகைத்துப் போய், அப்படியா என்று யூசுப்பைக் கேட்டார். காரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து அந்த மனிதரும் ஆமாம் என்ற அர்த்தத்தில் "ஹவ்" என்று தலையாட்டினார்.

நிலையத்தில் ஊதச் சொன்னார்கள், ஊதினேன், கருவி பூஜ்யம் காட்டியது. நான் காலை ஆராதனை முடித்து நேரே வந்தவள். நேற்று, திராட்சை ரசம் தரும் திருவிருந்து ஞாயிறுகூட அல்ல. ஆனாலும் சீட்டில் எழுதியதை அடிக்கவில்லை. விசாரணை அடுத்த திங்கள்தான் என்கிறார்கள். அன்னக்கிளிக்கு மறுதேர்வோ இந்த வியாழன். அவருடைய எல்.எல்.ஆர். மறுநாளே காலாவதி ஆகிறது.

5. இது அவசரம். ஊற்றிய திரவத்தில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்திருக்கும். இடம் மாற்றி நிறுத்துவதற்காக யாராவது ஸ்டார்ட் செய்து ஓட்டினால் எஞ்சின் கெட்டுப்போகும். ஆபரேஷன் பாதியில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வந்ததுபோல் அந்தக் கார் தங்கள் வளாகத்தில் நிற்கிறது. நகர்த்துவதானால் தள்ளச் சொல்லுங்கள். யூசுப் உள்ளே வந்து ஆயிலை மாற்ற அனுமதி தாருங்கள். காவலர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

6. கடைசியாக, கைதட்டல். காவலர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார். பயத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. யூசுப் "நக்கோ, நக்கோ" என்று தடுத்தும் அன்னக்கிளி நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தட்டினார். பிறகுதான் எனக்கும் உறைத்தது. சாவியை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிட்டது, ஐயா. ஓர் உதறல் இல்லை. எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் அதைக் கேட்டிருக்கிறார்.

அது தங்கள் காவலரைக் கேலி செய்த கைதட்டல் அல்ல. விசாரணையை முன்னதாக வைத்து, புதன் மாலைக்குள் காரை விடுவிக்க ஆவன செய்யுங்கள். மற்ற குற்றங்களுக்கு எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்கிறேன். மூன்றாவது வரியை மட்டும் இன்றே அடித்துவிடுங்கள். வியாழக்கிழமை அன்னக்கிளி சாவியை எடுக்கும்போது கைதட்ட வேண்டியவள் நான்.

நாள்: 18.07.2011
இடம்: ஹைதராபாத்

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
ஜே. ஸ்டெல்லா