பெண்கள் கழிப்பறைப் பூட்டை உடைத்தது குறித்தும், அது உடைந்தே இருக்க வேண்டியது குறித்தும்

அனுப்புநர்:
இஸ்திரிப் பிரிவின் மூத்த தொழிலாளி
(கூடத்தில் "பெரியக்கா" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்),
மொத்தச் சலவைக்கூடம், தொழிற்பேட்டைப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
ஆய்வாளர் அலுவலகம்.

பொருள்: சலவைக்கூடம் – கோடை வெப்பம் – பெண்கள் கழிப்பறைப் பூட்டை உடைத்ததற்காக எனக்கு வழங்கப்பட்ட பணிநீக்க நோட்டீசை ரத்து செய்யவும், அந்தக் கதவுக்கு மறுபடி பூட்டு வராமல் உத்தரவிடவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற மாதம் நாங்கள் அளித்த மனு.
2. அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.
3. நிர்வாகம் எனக்குக் கொடுத்துள்ள நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பூட்டை உடைத்தது நான்தான். நிர்வாகத்தின் விசாரணை வரும் திங்கட்கிழமை என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஏன் உடைத்தேன் என்பதை மட்டும் தாங்கள் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

1. மருத்துவமனைகள், விடுதிகள் ஆகியவற்றின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் கூடத்தின் வேலை. மேலே தகரக் கூரை. பக்கத்தில் பாய்லர். கையில் ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டி. வெள்ளைத் துணியில் தெருப்புழுதி படிந்துவிடும் என்று ஜன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் அடித்தது. உள்ளே குடும்பத்தோடு குடியிருந்தது.

2. இந்தக் கோடையின் வெப்பத்தைத் தாங்க முடியவில்லை என்று சென்ற மாதம் மனு கொடுத்தோம். "தொழிலாளர்களுக்குப் போதிய குடிநீர் வழங்கப்பட்டுள்ளதாக நிர்வாகம் தெரிவித்துள்ளது" என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஐயா, அது பொய்யில்லை. தண்ணீர் கேன் இருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை. காரணம், பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசரின் இடுப்பில். அவர் இருப்பதோ கூடத்தின் மறுகோடியில், டிரைவர்களும் மூட்டை தூக்குபவர்களும் சூழ்ந்து நிற்கும் மேசையில். அத்தனை ஆண்களுக்கு நடுவில் போய்க் கை நீட்ட வேண்டும். இரண்டாம் முறை போனால், "என்னம்மா, மறுபடியுமா? அப்ப துணிய யாரு தேய்க்கிறது?" என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். மானமுள்ளவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துவாள். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு எங்கள் பிரிவில் முதலில் சொல்லிக்கொடுப்பது துணி மடிக்க அல்ல, தாகத்தை அடக்க. வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவரும் பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

3. என் அடுத்த மேசையில் என் தம்பி மனைவி வேலை செய்கிறாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் கூடம் ரெண்டுபடும் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம், அவள் ஒரே தலையணை உறையை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக நின்றாள். "யாரு கல்யாணத்துக்குடி இவ்வளவு அழகா மடிக்கிற?" என்று நாங்கள் சிரித்தோம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணி, இது யாரு வீடு?" என்று கேட்டாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையைத் தொட்டேன். ஒரு சொட்டு வியர்வை இல்லை, கொதித்தது. மறுநிமிடம் கீழே சாய்ந்தாள்.

4. அடுத்து நடந்தது எங்களைப் போன்ற இஸ்திரிக்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வெறும் சிமெண்டுத் தரையில் கிடத்த மனம் வராமல், அடுக்கறைக்குத் தூக்கிப்போய், இருப்பதிலேயே மெத்தென்ற விரிப்புகளாகப் பார்த்துப் போட்டு அதன்மேல் படுக்க வைத்தோம். அவை அப்போதுதான் தேய்த்து அடுக்கியவை. எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தோம், அதுவும் பாசத்தோடு. பக்கத்தில் மண்டியிட்ட என் முழங்காலை விரிப்பு சுட்டபோதுதான் புத்தி வந்தது. "ஐயோ, தூக்குங்கடி!" என்று கத்தினேன். அலசும் பக்கம் கொண்டுபோய், இயந்திரத்திலிருந்து எடுத்த ஈர விரிப்புகளை உடம்பெங்கும் சுற்றி, பெரிய மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினோம். ஒருத்தி வாயில் தண்ணீர் ஊற்றப் போனாள். தினமும் மருத்துவமனைக்குத் துணி கொண்டுபோகும் வேன் டிரைவர்தான் தடுத்தார்: "நெனவு இல்லாதவங்க வாயில ஊத்தாதீங்கக்கா, பொரையேறிரும். வண்டியில ஏத்துங்க, விரிப்ப நனச்சுக்கிட்டே வாங்க." அப்படியே செய்தோம்.

5. பிழைத்துவிட்டாள். கண் விழித்து, "அண்ணி, பெட்டிய அணைச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். மருத்துவமனை வராந்தாவில் நான் வாய்விட்டு அழுதேன். வெயில் அதிகமென்றால் நிழலும் தண்ணீரும் ஓய்வும் வேண்டும், பேச்சுத் தடுமாறினால் ஒரு நிமிடமும் காத்திராமல் உடம்பைக் குளிர வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர் அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். காலையிலிருந்து ஏன் தண்ணீரே குடிக்கவில்லை என்றும் கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு காரணத்தைச் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நாளைக்கு இன்னொருத்தரை இங்க தூக்கிட்டு வராதீங்கம்மா" என்றார்.

6. அந்தச் சொல்லை நான் மருந்துச்சீட்டாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் போய், கதவைத் திறந்தே வைக்கும்படி மரியாதையாகக் கேட்டேன். "மேலிடத்தைக் கேட்கணும்" என்றார். மேலிடம் குளிரூட்டிய அறையில் இருக்கிறது. அங்கே தாகம் எட்டாது. கூடத்து வாசற்கதவு ஆடாமல் முட்டுக்கொடுக்க வைத்திருந்த பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். தேய்க்கத் தெரிந்த கைக்கு அடிக்கவும் தெரியும். மூன்றாவது அடியில் பூட்டு விழுந்தது. கூடமே கைதட்டியது; அலசும் பக்கத்திலிருந்து விசில் கூடக் கேட்டது.

7. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் நடப்பதைத் தாங்கள் நேரில் காண வேண்டும். மணிக்கு இரண்டு தடவை ஒருத்தி சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டுவாள்; அதுதான் எங்கள் தண்ணீர் மணி. எல்லோரும் பெட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்போம். குடிக்காதவளை மற்றவர்கள் விட மாட்டார்கள். ஜன்னல்களைத் திறந்து, கிழிந்த விரிப்புகளை நனைத்துத் தொங்கவிட்டோம். புழுதியும் வரவில்லை, காற்றும் குளிர்ந்து வருகிறது. விடியுமுன் வேலையைத் தொடங்கி உச்சி வெயிலுக்குள் இஸ்திரியை முடிக்கிறோம். அதன்பிறகு வெயில் இன்னும் ஏறியது. பக்கத்துக் கூடங்களில் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். எங்களில் ஒருத்திக்கும் தலைகூடச் சுற்றவில்லை. ஒரு வண்டித் துணியும் தாமதமாகவில்லை. நாங்கள் வெயிலை ஜெயித்துவிட்டோம் ஐயா. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

8. இவ்வளவும் நடந்தபின் நிர்வாகம் வாசலில் ஒரு பெரிய பலகை வைத்துள்ளது. "தொழிலாளர் நலன் கருதி நிர்வாகம் மேற்கொண்ட கோடைக்காலப் பாதுகாப்பு ஏற்பாடுகள்" என்று தலைப்பு. நனைந்த விரிப்பும், தண்ணீர் மணியும், திறந்த கழிப்பறைக் கதவும் வண்ணப் படங்களாக உள்ளன. அதே வாரம், அதே நிர்வாகம், அந்தக் கதவைத் திறந்ததற்காக எனக்குப் பணிநீக்க நோட்டீஸ் கொடுத்துள்ளது. ஏற்பாடு அவர்களுடையது என்றால் பூட்டை உடைத்ததும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். பூட்டை உடைத்தது நான் என்றால் பலகையில் என் படத்தைப் போட வேண்டும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி?

9. சூப்பர்வைசரைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புதுப் பூட்டு வாங்கி மாட்டும்படி அவருக்குப் பூட்டு உடைந்த அன்றே உத்தரவு வந்தது. தினமும் சாயங்காலம் கிளம்பிப் போகிறார். தினமும் வெறுங்கையோடு வந்து, கடை சாத்தியிருந்தது என்கிறார். இத்தனை நாளும் ஊரில் ஒரு பூட்டுக்கடை கூடத் திறக்கவில்லையாம். இந்த மனுவில் சாட்சியாக அவரும் கையொப்பமிட்டுள்ளார்.

ஆகவே, நோட்டீசை ரத்து செய்யவும், பெண்கள் கழிப்பறைக்கு வெளிப்பூட்டு போடக்கூடாது என எல்லாக் கூடங்களுக்கும் எழுத்தில் உத்தரவிடவும், விடியற்காலை வேலைநேரத்தை ஒவ்வொரு கோடைக்கும் உறுதி செய்யவும் பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் ஆய்வுக்கு வந்தால் மதியம் இரண்டு மணிக்கு, முன்னறிவிப்பின்றி வர வேண்டும் என்பதும் என் கோரிக்கை. குடிக்கத் தண்ணீர் தருவோம்.

"திங்கக்கிழம விசாரணையில நாங்க எல்லாரும் சேர்ந்துதான் ஒடச்சோம்னு சொல்றோம்க்கா" என்று மற்ற பெண்கள் வந்து நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெருமையைப் பங்கு போட எனக்கு மனமில்லை. தண்டனை உண்டென்றால் அதையும் நானே வாங்கிக்கொள்கிறேன். கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும்.

இடம்: சலவைக்கூட வாசல், மேற்படி பலகையின் நிழல்
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து,
(ஒப்பம்)
பெரியக்கா, இஸ்திரிப் பிரிவு

சாட்சிகள்:
(ஒப்பம்) வேன் டிரைவர்
(ஒப்பம்) சூப்பர்வைசர்
(ஒப்பம்) தம்பி மனைவி – இன்று காலை வேலைக்குத் திரும்பினாள். தண்ணீர் குடித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.