நடக்க இயலாதோர் நேரில் வருக என்னும் விதி குறித்து

சுனை ஏழும் ஊறுக. குன்று நிலைபெறுக. குன்றடியில் குடியிருப்போர் குறையின்றி வாழ்க.

ஏழ்சுனை நாட்டரசியும், வெண்மணலாற்றின் இரு கரைக்கும் உரியவளும், முடிசூடி ஐந்து திங்களே ஆனவளுமாகிய செங்கோதை, குன்றின்மேல் அரண்மனையில் வீற்றிருக்கும் பேரமைச்சர் குறும்பொறை உடையார் ஏகவீரனார்க்குக் குன்றடிச் சாவடியிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. தாங்கள் உடல் நலத்துடன் இருப்பதாக நம்புகிறோம். அதுபற்றி இவ்வோலையின் கடைசியில் மீண்டும் எழுதுவோம்.

எம் பாட்டனார் ஒன்பது அறங்களை நிறுவி, அவையில் அமர்ந்ததும் அவற்றைக் காணவேண்டும் என்று விரும்பி, விவரம் முழுவதையும் அரியணைக்கு எதிரே கல்லில் வெட்டுவித்ததைத் தாங்கள் அறிவீர்கள். துணையற்ற முதியோர்க்கு வீடுதேடிக் கஞ்சி, வயலுக்குப் போகும் தாயரின் பிள்ளைகளுக்குத் தாதியர் இல்லம், கூரை வேய ஆள், நடக்க இயலாதோரை வைத்தியர் வீட்டுக்குச் சுமந்து செல்லத் தூக்குநாற்காலி என்று அக்கல் குறைவின்றி உரைக்கிறது. அதைப் படிக்க நானூற்றுப் பன்னிரண்டு படி ஏறவேண்டும். ஆண்டுதோறும் தாங்கள் அவையில் எழுந்து, கேட்டு வந்தோர் எவருமிலர், ஆகவே நாட்டில் குறையும் இல்லை என்று வாசிப்பதும், அவையோர் ஆரவாரிப்பதும் வழக்கம். சென்ற சித்திரையில் யாமும் ஆரவாரித்தோம்.

நான்கு நாளுக்கு முன் படகுத்துறையைப் பார்வையிட யாம் இறங்கியபோது, இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் எழுபத்து மூன்று வயதுடைய சடையன் என்னும் குடியானவர் மூச்சு வாங்க அமர்ந்திருந்தார். சான்று சொல்வோர் வாய்மொழியைத் திருத்தாது எழுதுக என்பது நம் அவை வழக்காதலால், அவர் சொன்னதை அப்படியே எழுதுவித்தோம்.

“நீ யாரும்மா, மேல வேலை பாக்குற புள்ளையா?” என்றார். மேலேதான் வேலை என்றோம். “அப்ப ஒண்ணு சொல்லு தாயி. என் பொஞ்சாதி களத்துல வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிஞ்சு கெடக்குறா. எலும்பு வைத்தியரு அக்கரையில. ஆத்துல வெள்ளம் வருது, இன்னும் ரெண்டு நாள்ல படகை நிறுத்திப்புடுவாங்க. நாற்காலி இருக்குன்னு கேள்விப்பட்டு மூணு தடவை ஏறிட்டேன். நடக்க முடியாதவங்களே நேர்ல வந்து காட்டணுங்குறாங்க. முடிஞ்சா அவ அப்படியே வைத்தியர் வீட்டுக்கே நடந்து போயிர மாட்டாளா?”

யாம் அவருடன் மீண்டும் மேலேறி, நாற்காலி சுமப்போர் தலைவர் கோளரியை வினவினோம். எம்மை அடையாளம் கண்டும் அவர் விதியை விட்டுக்கொடுத்தாரில்லை. அதற்காக அவரைப் பாராட்டுகிறோம்.

“நேர்ல வந்துட்டா நாற்காலி எதுக்குங்க? வரலைன்னா யாருக்குன்னு எழுதுறது? ஒம்பது வருசமா இப்படித்தாங்க நடக்குது. அமைச்சரய்யா போட்ட விதிங்க.”

ஒன்பது ஆண்டில் எத்தனை பேரைச் சுமந்தீர்கள் என்றோம்.

“இன்னும் ஆரம்பிக்கலீங்க. ஆனா தெனமும் தண்டுக்கு எண்ணெய் போட்டுருவோம்.”

ஓலைக்கட்டையும் பார்த்தோம். சடையனாரின் பெயருக்கு எதிரே, மும்முறை ஏறிவந்தமையால் இவர் திடகாத்திரர், உதவி தேவையில்லை என்று தங்கள் கையெழுத்திலேயே குறித்திருந்தது. எழுத்து மிக அழகாக இருந்தது.

அதன்பின் யாம் செய்ததைத் தாங்கள் பிறர்வழி அறியுமுன் யாமே அறிவிக்கிறோம். விதியைக் கேளாமல் நாற்காலியை இறக்கினோம். சுமப்போர் எட்டுப் பேரில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தமையால் அவர் பிடிக்கவேண்டிய தண்டை யாம் பிடித்தோம். ஒன்பது ஆண்டாக எவரையும் சுமவாதோர் ஒருவர் காலடிக்கு மற்றவர் காலடி ஒத்துவராது நடந்தனர். அவர்களுள் யாமும் ஒருவர்.

சடையனாரின் மனைவி உமையாத்தாள் பாயில் கிடந்தவாறே எம்மை வரவேற்றார். “அந்தக் கல்லுல நடக்க முடியாதவுகளுக்கு நாற்காலின்னு எழுதியிருக்காமுல்ல? அங்கன எழுதி வச்சு எனக்கென்ன? அந்தக் கல்லையே கொண்டாந்து என் தொடைக்கு வச்சுக் கட்டுங்க.” ஏற்றியபோது வலியால் அலறினார். தெருமுனை தாண்டியதும், “மெதுவாப் போங்கடா, நான் என்ன நெல்லு மூட்டையா?” என்று அதட்டினார். உடன் நடந்த சடையனார், “கல்யாணத்துக்கே நடந்து வந்தவ. இப்பத்தான் பல்லக்கு” என்றதற்கு, “அதுக்குக் காலு ஒடிய வேண்டியிருக்கு பாத்தியா” என்றார்.

கடைசிப் படகுக்கு முந்திய படகில் அக்கரை சேர்ந்தோம். எலும்பு வைத்தியர் தொட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் கோணலாகவே கூடியிருக்கும், இனி நடை இல்லை என்றிருப்பேன் என்று உரைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று திங்களில் கோலூன்றி நடப்பார். கடைசிப் படகில் யாம் இக்கரை திரும்பினோம். படகு நின்றபின் துறையில் நீர் படிக்கட்டை மூடியதைக் கண்டோம்.

சாவடிக்கு மீண்டது முதல் யாம் தெருத்தெருவாகச் சென்று கேட்டு வருகிறோம். தாதியர் இல்லம் என ஒன்று இருப்பதை ஒரு தாயும் அறிந்திலர். தாதியரோ பிள்ளைகள் வராமையால் தங்களுக்குள் பல்லாங்குழி ஆடி வருகின்றனர், நன்றாகவும் ஆடுகின்றனர்.

ஆகவே ஆணையிடுகிறோம். இன்று முதல் ஒன்பது அறங்களும் படகுத்துறையிலும் நீர்த்துறைகளிலும் சந்தையிலும் வாய்விட்டு வாசிக்கப்படுக. நேரில் வர இயலாதோர்க்காக அண்டை வீட்டார் சொன்னாலும் போதும். நாற்காலியும் சுமப்போரும் இனிக் குன்றடியிலேயே இருப்பாராக. வாசிப்போர்க்குத் தலைவராகப் படகுத்துறையில் அமர்ந்து, மக்கள் குறை கேட்கத் தங்களை நியமிக்கிறோம்.

தாங்கள் நான்கு ஆண்டாகக் குன்றிலிருந்து இறங்கவில்லை. அரசகாரியம் மிகுதி என்று சொல்லி வந்தீர்கள், யாமும் நம்பினோம். கோளரியைக் கேட்டபோது, “அமைச்சரய்யா முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம் போடுறது குன்றுக்கே தெரியுங்க. கேட்டா மட்டும் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். தங்கள் மகள் துறைக்கு அருகில் குடியிருப்பதும், தங்கள் பேத்திக்கு நடை பழகும் பருவமாகியும் தாங்கள் அக்குழந்தையை இன்னும் காணாததும் இங்கு வந்தபின்பே அறிந்தோம்.

தாங்கள் வகுத்த விதியை மீண்டும் படித்தோம். நடக்க இயலாதவர், குன்றின்மேல், நேரில். இம்மூன்றும் பொருந்துபவர் நாட்டில் ஒருவரே உளர். விதி இன்று மாலை நீங்குகிறது, அதற்குள் அது ஒருமுறையேனும் பயன்படுக.

இவ்வோலையைக் கொண்டுவரும் நாற்காலி வெறுமையாக ஏறுகிறது. வெறுமையாக இறங்கலாகாது. சுமப்போர் இப்போது காலடி ஒத்து நடக்கின்றனர்.

ஏழு சுனை பொறித்த முத்திரை இட்டோம். துறையில் காத்திருக்கிறோம்.